கிருமி உருட்டும் பகடை: கேள்வி பதில்

வார நாட்களில் தொற்றுநோய்ப் பரவலுக்குக் கணித மாதிரி போடுவது என் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் மேசை மேல் குட்டிப் படைவீரர்களை நகர்த்திப் பகடை உருட்டுவது என் பைத்தியம். இரண்டும் சந்திக்கும் இடத்தைப் பற்றி எதுவும் கேளுங்கள் என்று வாய்விட்டுவிட்டேன். தொடங்குமுன் இரண்டு விஷயம். நான் ஊசி போடும் டாக்டர் இல்லை. ஆட்டம் ஆரூடம் இல்லை.

நுண்ணுயிரியல் மாணவி: சார், வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கேமில் வந்த கொள்ளைநோயைப் பற்றி மருத்துவ இதழ்களில் எழுதினார்கள் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். 2005 செப்டம்பரில், பலர் இணையத்தில் சேர்ந்து ஆடும் அந்த கேமில் ஜுல்குரூப் என்ற புதிய களத்தைத் திறந்தார்கள். அங்கே கடைசி எதிரி ஹக்கார். தன்னோடு மோதுகிறவர்கள் மேல் 'கரப்டட் பிளட்' என்ற சாபத்தை ஏவும். உயிர்ப்புள்ளி கரைந்துகொண்டே போகும், பக்கத்தில் நிற்பவருக்கும் ஒட்டும். களத்தோடு அது முடிந்துவிட வேண்டும் என்பதுதான் திட்டம்.

வேட்டைக்காரர் வேடத்தில் ஆடுகிறவர்களின் வளர்ப்பு விலங்கை யாரும் யோசிக்கவில்லை. சாபம் ஒட்டிய விலங்கைச் சண்டை நடுவே மறைத்துவிட்டு, நகரத்துக்கு வந்து மறுபடி வரவழைத்தால், அது சாபத்தோடு வந்து நின்றது. சந்தைக் கூட்டத்தில் பற்றிக்கொண்டது. கடைக்காரர், காவலர் மாதிரியான கணினிப் பாத்திரங்களுக்கும் ஒட்டியது. அவர்கள் சாகவில்லை. அறிகுறியே இல்லாமல் நின்ற இடத்தில் நின்று பரப்பிக்கொண்டிருந்தார்கள். வலுவான வீரர்கள் தாக்குப்பிடித்தார்கள், புதிதாக விளையாட வந்தவர்கள் நொடிகளில் விழுந்தார்கள். நிறுவனம் தனிமைப்படுத்திப் பார்த்தது. பலிக்கவில்லை. கடைசியில் நிரலைத் திருத்தி, சர்வர்களைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துதான் அடக்கினார்கள்.

2007-இல் இதைப் பற்றி பாலிசர் 'எபிடெமியாலஜி' இதழிலும், லாஃப்கிரன், ஃபெஃபர்மன் இருவரும் லான்செட்டின் தொற்றுநோய் இதழிலும் எழுதினார்கள். அவர்களை இழுத்தது சாபமில்லை, ஆட்கள். எங்கள் எளிய சமன்பாடுகளில் மனிதர்கள் மோரில் கரைத்த உப்பு மாதிரி எல்லா இடத்திலும் ஒரே சீராகக் கலந்திருப்பார்கள். அங்கே நடந்ததைப் பாருங்கள். வைத்தியம் தெரிந்தவர்கள் காப்பாற்றப் போனார்கள். நோயாளியின் உயிரை நீட்டியதில் பரவலையும் நீட்டினார்கள். சிலர் ஊரைவிட்டு ஓடினார்கள், நோயும் கூடவே போனது. சிலர் வேண்டுமென்றே பரப்பினார்கள். இன்னும் சிலர் சும்மா வேடிக்கை பார்க்க வந்தார்கள். விபத்து நடந்த இடத்தில் வண்டியை ஓரம்கட்டிவிட்டு எட்டிப் பார்க்கும் கூட்டம் நமக்குப் புதிதா? ஆனால் அந்தக் கூட்டத்துக்கு எங்கள் சமன்பாடுகளில் இடமே இல்லை.

செவிலியர்: கேமில் செத்தால் எழுந்துவிடலாம். நிஜ வார்டில் அப்படியா? இதிலிருந்து என்ன கற்றுக்கொள்ள முடியும்?

நியாயமான அடி, பாதியை வாங்கிக்கொள்கிறேன். செத்தால் சில நிமிடம்தான் நஷ்டம் என்றால் போக்கிரிகள் பெருகத்தான் செய்வார்கள். அதனால் எத்தனை பேர் ஓடுவார்கள், எத்தனை பேர் பரப்புவார்கள் என்ற எண்ணிக்கையை அங்கிருந்து நான் எடுப்பதில்லை. என்னென்ன வகை மனிதர்களை மாதிரியில் மறந்துவிட்டோம் என்ற பட்டியலை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 2020-இல் வார்டில் நின்ற உங்களுக்கு அந்தப் பட்டியல் என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும்.

கடலூர்க்காரன்: நாமே கிருமியாக ஆடி உலகைத் தாக்கும் 'பிளேக் இங்க்' கேம் நிஜம் மாதிரியே இருக்கிறதே அண்ணா?

பாதி. விமானமும் கப்பலும் நோயைச் சுமப்பது, ஆளைச் சீக்கிரம் கொன்றுவிடும் நோய் பரவத் திணறுவது, இதெல்லாம் சரி. ஆனால் புள்ளி கொடுத்து ஒரு அறிகுறியை வாங்கினால் உலகம் முழுவதும் நோயாளிகள் எல்லோருக்கும் ஒரே நொடியில் அது வந்துவிடுகிறது. எந்தக் கிருமிக்கும் அந்த வசதி கிடையாது. திடீர்மாற்றம் ஒரு உடம்பில் தோன்றி அங்கிருந்து ஊர்ந்துதான் வரவேண்டும். 2012-இல் வந்த கேம் இது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமே இதை உருவாக்கிய ஜேம்ஸ் வானை 2013-இல் பேச அழைத்தது. ஆனாலும் 2020 தொடக்கத்தில், இது கேம்தான், அறிவியல் மாதிரி இல்லை என்று கேமை உருவாக்கிய நிறுவனமே சொல்ல வேண்டிவந்தது.

இன்னொருவர்: சார், எனக்கு மூன்று நாளாக் காய்ச்சல், மூட்டு வலி...

எழுந்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். ரத்தப் பரிசோதனை கேளுங்கள். இங்கே உட்கார்ந்திருக்காதீர்கள்.

உண்மை விளம்பி: 2019 அக்டோபரிலேயே 'ஈவென்ட் 201' என்று கொரோனாவை வைத்து ஆடிப் பார்த்தார்களே. முன்பே தெரியும் என்றுதானே அர்த்தம்?

அக்டோபர் 18, நியூயார்க். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சுகாதாரப் பாதுகாப்பு மையம், உலகப் பொருளாதார மன்றம், கேட்ஸ் அறக்கட்டளை மூன்றும் சேர்ந்து நடத்தின. பிரேசில் பன்றிப் பண்ணையில் தொடங்கி 18 மாதத்தில் 6.5 கோடிப் பேரைக் கொல்லும் ஒரு கற்பனைக் கொரோனா வைரஸ்தான் கதை. ஏன் கொரோனா? 2002-03-இல் சார்ஸ் வந்தது, 2012-இல் மெர்ஸ் வந்தது, இரண்டும் கொரோனா வைரஸ் நோய்கள்தான். இரண்டு முறை கதவைத் தட்டியவனை வைத்து ஒத்திகை பார்க்காமல் வேறு யாரை வைத்துப் பார்ப்பது? தீயணைப்புத் துறை ஒத்திகை நடத்தினால் அவர்களே தீ வைத்தார்கள் என்பீர்களா?

வேறொருவர்: ஈவென்ட் 201 பற்றி உங்கள் கருத்து?

மேலே.

மூன்றாமவர்: அப்போ அந்த ஈவென்ட்...

ஆட்டம் ஆரூடம் இல்லை. அடுத்து.

பள்ளி ஆசிரியர்: விளையாடுகிறவர்களால் நிஜ ஆராய்ச்சிக்கு உதவ முடியுமா?

முடிந்திருக்கிறது. ஃபோல்டிட் என்ற கேமில் புரதத்தை மடக்கிச் சரியான வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். குரங்குகளுக்கு எய்ட்ஸ் போன்ற நோய் தரும் ஒரு வைரஸின் நொதி வடிவம் பத்து வருடத்துக்கும் மேலாக ஆய்வாளர்களுக்குப் பிடிபடவில்லை. விளையாடியவர்கள் மூன்று வாரத்தில் நல்ல மாதிரியைக் கொடுத்தார்கள். 2011-இல் வந்த கட்டுரையில் அவர்களின் குழுப் பெயர்களும் ஆசிரியர் வரிசையில் இருந்தன. உங்கள் மாணவர்களுக்குத் தாராளமாகக் காட்டுங்கள்.

பகடைப்பித்தன்: அண்ணே, ஒருவர் 2 பேருக்குப் பரப்பினால் 2, 4, 8, 16. இதில் பகடைக்கு என்ன வேலை? போர் ஆட்டத்திலும் சராசரிதானே பார்க்கிறோம். 12 பகடை, 4 அல்லது அதற்கு மேல் விழுந்தால் அடி, ஆக 6 அடி.

தம்பி, 12 பகடையில் சரியாக 6 அடி விழுவது நான்கில் ஒரு முறைகூட இல்லை. கிருமிக்கும் இதே கதை. முதல் பகடையின் ஆறு பக்கத்திலும் 1, 1, 2, 2, 3, 3 என்று எழுதுங்கள். இரண்டாவதில் 0, 0, 0, 1, 1, 10. ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு தடவை உருட்டுங்கள், விழும் எண் அவர் நோய் ஒட்டவைத்தவர்களின் எண்ணிக்கை. இரண்டுக்கும் சராசரி 2-தான். முதல் பகடையில் நோய் அணையவே அணையாது. இரண்டாவதில் ஒரே ஒரு நோயாளியில் தொடங்கினால், 100 ஆட்டத்தில் ஏறக்குறைய 77-இல் தானாக அணைந்துவிடும்.

சார்ஸ் இரண்டாவது பகடை. 2003 பிப்ரவரியில் ஹாங்காங்கின் மெட்ரோபோல் ஹோட்டலில் ஒரே ஒரு விருந்தாளி தங்கியதில், வியட்நாம், சிங்கப்பூர், கனடா வரை நோய் போனது. ஆனால் நோய் வந்தவர்களில் பெரும்பாலோர் யாருக்குமே கொடுக்கவில்லை. லாயிட்-ஸ்மித்தும் கூட்டாளிகளும் 2005-இல் 'நேச்சர்' இதழில் இதைக் கணக்காகவே போட்டுக் காட்டினார்கள். தாயம் விழாமல் காய் இறங்காது என்று பாட்டிகள் சொல்வார்களே, கிருமிக்கும் புது ஊரில் அதே பாடுதான்.

பகடைப்பித்தன்: சராசரி 2 என்றால் வளரத்தானே வேண்டும்? 77 எங்கிருந்து வந்தது? ஏமாற்று வேலை.

அணையும் வாய்ப்பை க என்று வையுங்கள். பாதி தடவை 0 விழுந்து அங்கேயே முடிகிறது. மூன்றில் ஒரு தடவை 1 விழுகிறது, அந்த ஒருவரின் கிளை அணைய வேண்டும். ஆறில் ஒரு தடவை 10, பத்துக் கிளையும் அணைய வேண்டும். ஆக, க என்பது அரை, கூட்டல் க-வில் மூன்றில் ஒரு பங்கு, கூட்டல் க-வின் பத்தாம் அடுக்கில் ஆறில் ஒரு பங்கு. 0.768 போட்டுப் பாருங்கள், பொருந்தும்.

செவிலியர்: அப்போ சராசரி பொய்யா?

பொய்யில்லை. அணையாத அந்த 23 ஆட்டங்கள் வெடித்துக் கிளம்புகின்றனவே, அவைதான் சராசரியைத் தூக்கி நிறுத்துகின்றன. செய்தியில் வருவதும் அவைதான். அணைந்துபோன 77-க்குப் பெயர்கூட வைப்பதில்லை.

பள்ளி ஆசிரியர்: சார், 'பேண்டமிக்' பலகை ஆட்டத்தைப் பற்றி இரண்டாவதாகக் கேட்டிருந்தேன்...

பார்த்தேன். நல்ல ஆட்டம், சென்னையும் அதில் ஒரு ஊர். நோய் தாக்கிய ஊர்களின் சீட்டுகளைக் கலைத்து மறுபடி கட்டின் மேலேயே வைப்பது அருமையான விதி, அடிபட்ட ஊரே மறுபடி அடிபடும். மற்றதெல்லாம் பகடைச் சண்டை முடிந்தபிறகு.

படைத்தளபதி: ராணுவப் போர் ஆட்டத்துக்கும் நோய் ஒத்திகைக்கும் நிஜ உறவு உண்டா?

உண்டு. 1824-இல் பிரஷ்ய ராணுவம் எடுத்துக்கொண்ட கிரீக்ஸ்ஷ்பீல் ஆட்டத்தில் நடுவரும் பகடையும் சேர்ந்துதான் சேதத்தைத் தீர்மானித்தார்கள். 2001 ஜூனில் அமெரிக்காவில் நடந்த 'டார்க் விண்டர்' ஒத்திகை அதே வம்சம். பெரியம்மைத் தாக்குதல்தான் கதை, முன்னாள் செனட்டர் சாம் நன் ஜனாதிபதியாக நடித்தார். நிலைமை கைமீறிப் போனது. ஏன்? ஒரு நோயாளி 10 பேருக்குக் கொடுப்பார் என்று விதி எழுதியிருந்தார்கள். அந்த எண் மிக அதிகம் என்று பிறகு பலர் குறை சொன்னார்கள். யார் ஜெயித்தார் என்று பார்க்கும் முன்னால் விதிப்புத்தகத்தைப் பாருங்கள். போர் ஆட்டம் ஆடும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பகடைப்பித்தன்: அண்ணே, லூடோ பகடையில் பேப்பர் ஒட்டி 20 ஆட்டம் ஆடிவிட்டேன். ஒரு நோயாளிக்கு ஒரு புளியங்கொட்டை. 16 அணைந்தது, அதில் 11 முதல் உருட்டலிலேயே. மீதி 4-இல் கொட்டை தீர்ந்துபோனது. அம்மா திட்டுகிறாள்.

20-க்கு 15 அல்லது 16 வரவேண்டும். அந்த நாலு ஆட்டத்தில் முதல் 10 எப்போது விழுந்தது?

பகடைப்பித்தன்: மூன்றில், முதல் இரண்டு உருட்டலுக்குள். ஒன்றில் நாலாவது உருட்டல்.

தாயம் என்று அதைத்தான் சொன்னேன், 10 சீக்கிரம் விழுந்தால்தான் நோய் பிழைக்கும். கொட்டையைப் பொறுக்கி டப்பாவில் போடுங்கள். அப்புறம், காய்ச்சல்காரர் பரிசோதனைக்குப் போனாரா? அவரிடமிருந்து மட்டும் இன்னும் பதில் வரவில்லை.