பழைய வீட்டுக்கு என்ன விலை கேக்கலாம்? ரிப்பேர் வீடு வாங்குறவங்களுக்கு கேள்வி பதில்

சென்னையில பழைய வீடுங்கள ரிப்பேர் பண்ற வேலைதான் எனக்கு, 20 வருஷத்துக்கு மேல ஆச்சு. வாங்குறவங்க விலை பேசப் போறப்போ என்னையும் கூட்டிட்டுப் போவாங்க, அதனால ரெண்டு பக்கமும் பாத்திருக்கேன். வக்கீல் வேலைய மட்டும் என்கிட்ட கேக்காதீங்க, மத்தத கேளுங்க.

கேள்வி: அண்ணா, மடிப்பாக்கம் பக்கம் அரை கிரவுண்ட், 1985ல கட்டுன வீடு. 1 கோடியே 15 லட்சம் சொல்றாரு. சுவர்ல ஓதம், சன்ஷேட்ல கம்பி தெரியுது. பத்து பர்சென்ட் குறைச்சு கேட்டா சரியா இருக்குமா?

தம்பி, பர்சென்ட் கணக்குல பேசாதீங்க, "பத்து குறைங்க"ன்னா அவரு "ரெண்டு குறைக்கிறேன்"ம்பாரு, ஆறுல வந்து முடியும், எதுக்கு ஆறுன்னு ரெண்டு பேருக்குமே தெரியாது. மொதல்ல மனைய தனியா கட்டடத்த தனியா பிரிங்க. அந்தத் தெருவுல காலி மனை சதுர அடி 8,500 போகுதுன்னு வைங்க, அரை கிரவுண்ட்னா 1,200 சதுர அடி, அதுக்கு 1 கோடியே 2 லட்சம் ஆச்சு. அப்போ அவரு கட்டடத்துக்குன்னு கேக்குறது 13 லட்சம். மனை விலையில கை வைக்காதீங்க, பக்கத்து வீட்டுக்காரன் என்ன விலைக்கு வித்தான்னு அவருக்கு உங்கள விட நல்லா தெரியும், அதுல போனா மூஞ்சி மாறிடும். பேச்சு மொத்தமும் அந்த 13 லட்சத்து மேலதான் இருக்கணும்.

இப்போ அந்த கட்டடத்துல மனுஷன் குடி போகணும்னா என்ன செலவுன்னு எழுதுங்க. கம்பி துருப்பிடிச்ச எடம், மொட்டை மாடி தட்டு ஓடு, வயரிங், துருப்பிடிச்ச ஜிஐ பைப், செப்டிக் டேங்க். எல்லாம் சேத்து 11 லட்சம்னு கொட்டேஷன் வந்தா, அவரோட 13 லட்சத்து கட்டடம் உங்களுக்கு 2 லட்சம்தான் பெறும். 1 கோடியில ஆரம்பிங்க, 1 கோடியே 4ல படிஞ்சா நல்ல விலை. ஆனா மாடுலர் கிச்சன், புது டைல்ஸ், பாத்ரூம் மாத்துறது இதெல்லாம் அந்த லிஸ்ட்ல சேக்காதீங்க. அது உங்க ஆசை, அதுக்கு அவரு ஏன் காசு குடுக்கணும்? ஒரு வரி அப்படி இருந்தாலும் மொத்த லிஸ்டயும் நம்ப மாட்டாரு.

கேள்வி: இன்ஜினியர் இல்லாம நாமளே பாக்குற மாதிரி ஏதாவது இருக்கா சார்?

இருக்கு. ஒரு சின்ன சுத்தியல், ஒரு டார்ச் போதும். பாத்ரூமுக்கு கீழ வர்ற ஸ்லாப், சன்ஷேட், பால்கனி அடிப்பக்கம், இங்கல்லாம் மெதுவா தட்டுங்க. டங்குன்னு கேட்டா பரவால்ல, டொப்புன்னு கேட்டா உள்ள காங்கிரீட் கம்பிய விட்டு பிரிஞ்சாச்சு. துரு புடிக்கப் புடிக்க கம்பி பருத்துக்கிட்டே போகும், அதான் காங்கிரீட்ட வெடிச்சு வெளிய தள்ளுது. கடலுக்கு பக்கத்துல இருக்குற பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரி எடத்துல இது இன்னும் சீக்கிரம் வந்துடும்.

புதுசா பெயின்ட் வாசனை அடிக்குற வீட்ட எனக்கு பிடிக்கவே பிடிக்காது. ஒரு வீட்ல ஒரே ஒரு பெட்ரூமுக்கு மட்டும் ஃபால்ஸ் சீலிங் போட்டிருந்தாங்க, ஹால்ல கூட இல்ல. ஏன்னு கேட்டேன், அழகுக்குன்னாரு. ஸ்டூல் போட்டு ஏறி ரவுண்டு லைட் ஒண்ண கழட்டி அந்த ஓட்டையில டார்ச் அடிச்சா, மேல ஸ்லாப்ல வரிசையா கம்பி தெரியுது, மாட்டு விலா எலும்பு மாதிரி, செதில் செதிலா துரு. ஓனர கூப்பிட்டு நீங்களே பாருங்கன்னு டார்ச்ச குடுத்தேன். பாத்துட்டு இறங்குனாரு, ஒண்ணும் பேசல, லைட்ட திரும்ப மாட்டக்கூட சொல்லல. அன்னிக்கு 4 லட்சம் குறைஞ்சுது.

இதெல்லாம் ஆரம்ப கட்டத்துக்குதான். டோக்கன் அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடி ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருத்தர வச்சு ரீபவுண்ட் ஹேமர் டெஸ்ட் (காங்கிரீட் எவ்ளோ பலமா இருக்குன்னு பாக்குறது) எடுத்து பேப்பர்ல வாங்கிடுங்க. முடிஞ்சா அடை மழையில ஒரு தடவ போய் பாருங்க.

கேள்வி: விக்கிறது ஒரு வயசான அம்மா. "எங்க வீட்டுக்காரர் நின்னு பாத்து கட்டுனது"ன்னு சொல்லிட்டே இருக்காங்க. எங்க மாமியார் "வீடு பூரா இடிஞ்சு கிடக்கு"ன்னு சொல்லிட்டாங்க, அதுக்கப்புறம் போன எடுக்கவே மாட்டேங்குறாங்க.

போச்சு. அடுத்த தடவ மாமியார வீட்ல விட்டுட்டு போங்கம்மா. குறைய வாயால சொல்லவே கூடாது, கொட்டேஷன் பேப்பர் சொல்லட்டும். "வீடு நல்லா இருக்கும்மா, அதனாலதான் இடிக்காம வச்சுக்கலாம்னு பாக்குறோம், ஆனா மேஸ்திரி இவ்ளோ செலவு வரும்ங்குறாரு"ன்னு சொல்லி பேப்பர டீப்பாய்ல வச்சுட்டு காபிய குடிச்சுட்டு வந்துடுங்க. அந்த அம்மா அதப் படிக்க மாட்டாங்க, சாயந்தரம் அவங்க பையனோ மருமகனோ வந்து படிப்பாங்க. விலைய முடிவு பண்றது அவங்கதான்.

கேள்வி: ரோடு வீட்ட விட ரெண்டு அடி உசரம். குறைச்சு கேக்கலாமா?

தாராளமா. ரோடு மேல ரோடு போட்டு நம்மூர்ல பாதி வீடு பள்ளத்துலதான் கிடக்கு. ஜாக்கி வச்சு வீட்ட தூக்குறவங்க கிட்ட கொட்டேஷன் வாங்கி லிஸ்ட்ல சேருங்க, ஆனா எல்லா வீட்டையும் தூக்க முடியாது, பழைய சுண்ணாம்புக் கட்டு, மெட்ராஸ் டெரஸ் (மர உத்திரத்து மேல செங்கல், சுண்ணாம்பு போட்ட கூரை) வீடுன்னா நான் பயப்படுவேன். 2015 டிசம்பர்ல தண்ணி எது வரைக்கும் நின்னுச்சுன்னு ஓனர கேக்காதீங்க, எதிர் வீட்ல கேளுங்க.

கேள்வி: பாதி பணம் ரொக்கமா குடுத்தா 6 லட்சம் குறைக்கிறேன்றாரு. நல்ல டீல்தானே?

இல்ல. வீட்டு விஷயத்துல 20,000 ரூபாயோ அதுக்கு மேலயோ ரொக்கமா அட்வான்ஸ் வாங்கவே கூடாது, மாட்டுனா வாங்குன தொகை அளவுக்கே அவருக்கு அபராதம். பத்திரத்துல குறைச்சுக் காட்டுனா நாளைக்கு நீங்க விக்கிறப்போ லாபம் பெருசா தெரியும், வரி உங்க தலையில. இது எல்லாத்தையும் விட, லோன் குறைஞ்சுடும். உங்க கையில எவ்ளோ வேணும்னு பாருங்க, மொதல்ல சொன்ன வீட்டுக்கு 1 கோடியே 4 லட்சத்தையும் முழுசா பத்திரத்துல காட்டுனாலே, 75 லட்சத்துக்கு மேல லோன் போனா பேங்க் 75 பர்சென்ட்தான் தரும், 78 லட்சம். மீதி 26. முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2, மொத்தம் 9 பர்சென்ட், அது 9 லட்சத்து 36 ஆயிரம், இதுக்கு லோன்ல எடம் கிடையாது. ரிப்பேர் 11. ஆக 46 லட்சத்துக்கு மேல உங்க பாக்கெட்லேர்ந்து போகணும். நெறய பேர் வீட்ட வாங்கிட்டு ரிப்பேருக்கு காசில்லாம ரெண்டு வருஷம் பூட்டி வச்சிருக்கறத பாத்திருக்கேன். 50 லட்சமோ அதுக்கு மேலயோ போனா 1 பர்சென்ட் டிடிஎஸ் (அவருக்கு குடுக்குற பணத்துலேர்ந்து பிடிக்கிற வருமான வரி) பிடிச்சு கட்டுறதும் உங்க பொறுப்பு, மறந்துடாதீங்க.

கேள்வி: அக்ரிமென்ட்ல என்ன எழுதணும் அண்ணா? ஓனர் அப்பா இறந்துட்டாரு, நாலு பசங்க.

நாலு பேரும் கையெழுத்து போடணும், கல்யாணமாகி போன பொண்ணும்தான். மூணு பேர் ஓகே, தங்கச்சி அப்புறம் வந்து போடும்னா, தங்கச்சி வந்தப்புறம் அட்வான்ஸ் குடுங்க. வாரிசு சான்றிதழ், மூலப்பத்திரம், ஈசி (வில்லங்கச் சான்று) எல்லாத்தையும் வக்கீல் பாக்கட்டும். 2012 டிசம்பர்லேர்ந்து தமிழ்நாட்ல விற்பனை அக்ரிமென்ட்டையும் பதிவு பண்ணணும், சும்மா முத்திரைத்தாள்ல எழுதி வச்சுக்கிட்டு நம்பாதீங்க.

அப்புறம் வீட்டோட என்னென்ன வருதுன்னு எழுதுங்க. சிரிக்காதீங்க. எனக்கு தெரிஞ்ச ஒருத்தர் ஒரு பர்மா தேக்கு வாசக்கதவ பாத்துதான் அந்த வீட்டையே வாங்குனாரு. பத்திரம் முடிஞ்சு சாவி வாங்கப் போனா வாசல்ல பிளைவுட் கதவு. ஊஞ்சல் இல்ல, மோட்டார் இல்ல, பித்தளை குழாய் பூரா கழட்டியாச்சு. "கதவு அப்பா ஞாபகமா எடுத்துக்கிட்டோம்"னாங்க. அக்ரிமென்ட்ல இல்ல, என்ன பண்றது?

கேள்வி: 30 வருஷ பழைய ஃப்ளாட்டுக்கும் இதே கணக்குதானா?

கிட்டத்தட்ட. மனைக்கு பதிலா யுடிஎஸ், அதாவது மொத்த மனையில அந்த ஃப்ளாட்டுக்கு உள்ள பிரிக்காத பங்கு, எத்தன சதுர அடின்னு பாருங்க. உள்ள நீங்க சரி பண்ணிடலாம், பொது பைப்பும் மொட்டை மாடியும் உங்க கையில இல்ல. இடிச்சு கட்டுறதுக்கு இப்போ மூணுல ரெண்டு பங்கு ஓனருங்க சம்மதிச்சா போதும்னு சட்டம் இருக்கு, அதனால அசோசியேஷன்ல அந்தப் பேச்சு ஓடுதான்னு கேளுங்க. ஓடுச்சுன்னா உள்ள ஒரு ரூபா செலவு பண்ணாதீங்க.

கேள்வி: புரோக்கர் "இன்னொரு பார்ட்டி ரெடியா இருக்கு, நாளைக்கு அட்வான்ஸ்"ன்றாரு. நிஜமா இருக்குமா?

இருக்கலாம். என் கிட்ட இத சொன்ன புரோக்கருங்கள்ல பாதிப் பேரு மூணு வாரம் கழிச்சு அவங்களே போன் பண்ணி "சார், அந்த மடிப்பாக்கம் வீடு இன்னும் இருக்கு, வர்றீங்களா"ன்னு கேட்டிருக்காங்க. உங்க கொட்டேஷன் பேப்பர்ல ஒரு காப்பிய அவரு கையில குடுத்துட்டு வாங்க.