வீட்டில் பாட்டுக் கேட்க டியூப் ஆம்ப் வாங்கினால் என்னென்ன தொல்லை வரும்?

கோலாலம்பூரில் அடுக்குமாடி வீடு, சின்ன வரவேற்பறை, டியூப் ஆம்ப் மேல் ஆசை, வாங்கிய பிறகு நடைமுறையில் என்ன சிக்கல் என்று கேட்டிருக்கிறீர்கள். செந்தூலில் லிஃப்ட் இல்லாத பிளாட்டில் நான்காம் மாடியில் இருக்கிறேன். ஒன்பது வருடமாக ஒரு டியூப் ஆம்ப், அதாவது டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடி வால்வுகளால் ஒலியைப் பெருக்கும் பழைய வகை ஆம்ப்ளிஃபையர், வைத்திருக்கிறேன். அதன் ஒலி எனக்கு உயிர். ஆனால் கடைக்காரர் சொல்லாத விஷயங்கள் நிறைய உண்டு.

முதலில் சூடு. குளிர்நாட்டில் இருப்பவர்கள் இதை ஒரு வரியில் தாண்டிவிடுவார்கள், நம்மால் முடியாது. என்னுடையதில் நான்கு இ.எல்.34 டியூப்கள். ஒவ்வொன்றின் ஹீட்டரும் 6.3 வோல்ட்டில் 1.5 ஆம்பியர் இழுக்கும். நான்குக்கும் சேர்த்தால் ஏறத்தாழ 38 வாட், அது டியூப்பைச் சூடாக்க மட்டும். பாட்டே ஓடாமல் சும்மா இருந்தாலும் மொத்தம் 180 வாட் அளவுக்கு இழுக்கிறது. அதில் ஒலியாக மாறுவது கொஞ்சம்தான், மீதி முழுவதும் அறைக்குள் வெப்பமாக இறங்குகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனித உடம்பு விடும் வெப்பம் சுமார் 100 வாட். ஆக, சின்ன அறையில் எப்போதும் இரண்டு பேர் கூடுதலாக உட்கார்ந்திருக்கிற மாதிரி. வெளியே 33 டிகிரி அடிக்கும் மதியத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. எர்கோன் (ஏசி) போட்டால் அதன் இரைச்சலில் வீணையின் மெல்லிய இழைகள் காணாமல் போகின்றன. இரவு பத்து மணிக்கு மேல் குளிர்ச்சிதான், ஆனால் பக்கத்து வீட்டில் குழந்தை தூங்குகிறது. கடைசியில் எனக்குக் கிடைத்தது ஞாயிற்றுக்கிழமை காலை ஏழிலிருந்து பத்து வரை. மின்கட்டணத்தைப் பற்றிப் பலரும் பயப்படுகிறார்கள். தினம் நான்கு மணி நேரம் ஓடினாலும் மாதம் 22 யூனிட்டுக்குள் அடங்கிவிடும், அது பெரிய விஷயம் இல்லை.

அப்புறம் காத்திருப்பது. போட்ட அரை நிமிடத்தில் சத்தம் வந்துவிடும், ஆனால் ஒலி நிறைந்து நிற்க இருபது நிமிடம் பிடிக்கும். காலையில் தோசை சுடும் பத்து நிமிடத்துக்கு மின்னல் எஃப்.எம். கேட்க வேண்டும் என்றால் என் மனைவி இதைத் தொடவே மாட்டாள். அவளுக்காக ஒரு சின்ன டிரான்சிஸ்டர் ஆம்ப் தனியாக வாங்கினேன். நீங்களும் இரண்டாவது ஆம்ப்புக்குச் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

டியூப் தேயும் பொருள் என்பதை மறக்கக் கூடாது. ஸ்பீக்கரை ஓட்டும் பவர் டியூப்கள் பொதுவாக 2,000 முதல் 5,000 மணி நேரம் வரை. மாற்றும்போது ஒன்றை மட்டும் மாற்ற முடியாது, மின்னோட்ட அளவு ஒத்த ஜோடியாக வாங்க வேண்டும். போன முறை நான்குக்கும் சேர்த்து 600 வெள்ளி (ரிங்கிட்) ஆனது. இன்று டியூப் செய்யும் பெரிய தொழிற்சாலைகள் ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனா என்று விரல்விட்டு எண்ணும் அளவில்தான் உள்ளன. 2022 மார்ச்சில் ரஷ்யா ஏற்றுமதித் தடை போட்டபோது அங்குள்ள சரத்தோவ் தொழிற்சாலையின் சரக்கு சில காலம் நின்றுபோய், எல்லா இடத்திலும் விலை ஏறியது.

இதில் நம் ஊர் ஈரக்காற்றும் சேர்ந்துகொள்ளும். ஒரு ஞாயிறு காலை நாதஸ்வரம் ஓடிக்கொண்டிருந்தது. வலது பக்கம் மெல்ல 'கொர்' என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் ஒரு டியூப்புக்குள் இருக்கும் சாம்பல்நிறத் தகடு, நடுவில் ஒரு காசு அளவுக்குச் செக்கச்செவேல் என்று கனிந்து, அந்தச் சிவப்பு அகலமாகிக்கொண்டே போனது. பிளக்கைப் பிடுங்கினேன். ஜாலான் பாசாரில் பழைய ரேடியோக்கள் பழுதுபார்க்கும் ஒரு சீன அங்கிள் சாக்கெட்டைக் கழற்றிக் காட்டினார். ஐந்தாம் பின் மாட்டும் இடத்தில் பச்சைக் களிம்பு பூத்து, பிடிப்பு தளர்ந்திருந்தது. டியூப்பில் மின்னோட்டத்தைக் கட்டிப்போடும் பயாஸ் வோல்ட்டேஜ் அந்தப் பின் வழியாகத்தான் போகிறது. அது விட்டுப்போனால் டியூப் கட்டுக்கடங்காமல் மின்சாரத்தை இழுத்துத் தன்னையே எரித்துக்கொள்ளும். கண்ணாடியின் உட்புறம் நீலமாக மினுங்கினால் பயப்பட வேண்டாம், அது இயல்பு. தகடு சிவந்தால் ஒரு நொடி தாமதிக்காதீர்கள். இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை டியூப்களைக் கழற்றி, காண்டாக்ட் கிளீனர் அடித்து, மல்டிமீட்டரால் பயாஸ் பார்க்கிறேன். உங்களுக்கு இந்த வேலையில் விருப்பம் இல்லையென்றால், பயாஸைத் தானே சரிசெய்துகொள்ளும் வகை ஆம்ப் வாங்குங்கள்.

பழுதுபார்க்கப் போவதே ஒரு பாடு. டிரான்ஸ்ஃபார்மர்கள் மூன்று, ஆம்ப் மொத்தம் 24 கிலோ. நான்கு மாடி இறக்கி, வேலை முடிந்ததும் திரும்ப ஏற்ற வேண்டும். அடித்தட்டைத் திறந்து நீங்களே பார்க்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்களில் அது தங்கியிருக்கும், ஆளையே கொல்லும். டியூப்பின் கண்ணாடி பட்டாலே கை கொப்பளித்துவிடும். வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் கம்பிக் கூண்டைக் கழற்றவே கூடாது, அழகு போனாலும் போகட்டும். ஸ்பீக்கர் வயர் இல்லாமல் ஆம்ப்பைப் போட்டுப் பார்ப்பதும் ஆகாது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

இதையெல்லாம் விடப் பெரிய தவறு ஸ்பீக்கரில்தான் நடக்கிறது. என் நண்பர் ஒருவர் 300பி டியூப் போட்ட ஆம்ப் வாங்கினார், 8 வாட். அவரிடம் இருந்தது 86 டெசிபெல் உணர்திறன் (ஒரு வாட்டுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவு) உள்ள சின்ன ஸ்பீக்கர். குரலும் வயலினும் அவ்வளவு இனிமை. தவில் அடி விழுந்தது, ஒலி அப்படியே நசுங்கிப்போனது. மூன்று டெசிபெல் கூட வேண்டுமென்றால் ஆம்ப் இரண்டு மடங்கு வாட் கொடுக்க வேண்டும். அதே சத்தத்துக்கு 95 டெசிபெல் ஸ்பீக்கர் எட்டில் ஒரு பங்கு வாட்தான் கேட்கும். ஆனால் அந்த வகை ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் பீரோ மாதிரிப் பெரியவை. உங்கள் வரவேற்பறையில் அதற்கு இடம் இருக்கிறதா என்று முதலில் அளந்து பாருங்கள். என் ஆம்ப்புக்கு 35 வாட் இருந்தும், முதலில் வைத்திருந்த ஸ்பீக்கரில் மிருதங்கத்தின் தொப்பி அடி கொழகொழவென்று இழுத்தது. ஸ்பீக்கர் கோனைப் பிடித்து நிறுத்தும் பிடி டியூப் ஆம்ப்புக்குக் குறைவு. ஸ்பீக்கரை மாற்றிய பிறகுதான் எனக்கு நிம்மதி.

பழைய ஜப்பான் செட் பார்க்கிறீர்கள் என்றால் பின்பக்கத் தகட்டில் எத்தனை வோல்ட் என்று படியுங்கள். அங்கே 100 வோல்ட், நமக்கு 230. இடையில் ஒரு ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் மாட்டினால் அன்றோடு முடிந்தது.

உங்களிடம் இப்போது இருக்கும் ஸ்பீக்கர் எது, அறை எத்தனைக்கு எத்தனை அடி என்று எழுதுங்கள். எத்தனை வாட் போதும் என்று சொல்கிறேன்.