30 மில்லி ஆம்பியரும் நள்ளிரவு போனும்

கேள்வி: இரண்டு வருடத்துக்கு முன் நள்ளிரவில் வந்த ஒரு போனில்தான் அண்ணன் விபத்தில் இறந்த செய்தி தெரிந்தது. அன்றிலிருந்து போன் மணி அடித்தாலே நெஞ்சு படபடக்கிறது. மகன் போனை சைலன்டில் போட்டுவிட்டான். மழை வந்தால் வீட்டில் ஆர்.சி.சி.பி.யும் (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) ட்ரிப் ஆகிறது. அதை எடுத்துவிட்டு டைரக்டாகக் கொடுத்துவிடலாம் என்கிறார் எலக்ட்ரீஷியன். என்ன செய்ய?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: முதலில் எலக்ட்ரீஷியனிடம் கண்டிப்பாக வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அம்மா. உள்ளே போகும் மின்சாரமும் திரும்பி வரும் மின்சாரமும் ஒன்றுதானா என்று பார்ப்பதே அந்தக் கருவியின் வேலை. வீடுகளில் பொதுவாக 30 மில்லி ஆம்பியர் கசிவுக்குள் அது துண்டித்துவிடும். அதற்கு மேல் உடம்பு வழியாக ஓடினால் இதயத் துடிப்பே தாறுமாறாகலாம்.

அப்படியானால் சும்மா ஏன் விழுகிறது? பெரும்பாலும் சும்மா விழுவதில்லை. வாஷிங் மெஷின், கம்ப்யூட்டர் எல்லாம் நல்ல நிலையிலேயே கொஞ்சம் கசியவிடும். 30 என்று குறித்திருந்தாலும், கசிவு 15 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே கருவி விழலாம். ஏற்கெனவே பாதி நிறைந்திருக்கும்போது, மொட்டைமாடி சுவிட்சிலோ மோட்டார் ஒயரிலோ ஈரம் இறங்கினால் போதும். ஒவ்வொரு லைனாக அணைத்து, எங்கே கசிகிறது என்று மெக்கர் (ஒயரின் காப்பைச் சோதிக்கும் கருவி) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் படபடப்பையும் இப்படித்தான் பார்க்கிறேன். யார் கூப்பிடுகிறார்கள் என்று தெரியும் முன்பே மூளையின் அபாய மணி அடித்துவிடுகிறது. இது கோழைத்தனம் இல்லை. ஆனால் சைலன்டில் போடுவது டைரக்ட் கொடுப்பது மாதிரிதான். தப்பிக்கத் தப்பிக்க, அந்தச் சத்தம் ஆபத்து என்றே மூளை நம்பும். இரவில் தூங்குகிறீர்களா? அண்ணனைப் பற்றி யாரிடமாவது மனம்விட்டுப் பேசினீர்களா? கடிதத்தில் இவை இல்லை. என் கவலை அங்கேதான். தூக்கமின்மையும் அடக்கிவைத்த அழுகையும் உங்களை ஏற்கெனவே பாதி நிறைத்திருக்கலாம்.

ரிங்டோனை மாற்றுங்கள். பகலில், சொல்லிவைத்த நேரத்தில், பக்கத்து அறையிலிருந்து மகன் கூப்பிடட்டும். படபடப்பு தணியும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டு எடுங்கள். பழகியபின் சொல்லாமல் கூப்பிடட்டும். அந்த இரவு கனவில் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் இதைத் தனியாகச் செய்யாதீர்கள், மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும்.

இந்தப் பதிலை மகனிடமும் படிக்கக் கொடுங்கள். முதல் போன் அவரிடமிருந்துதானே வர வேண்டும்.