கணவர் குழந்தைக்குத் தடுப்பூசி வேண்டாம் என்கிறார், நான் என்ன செய்வது?

மகள், குழந்தைக்கு இரண்டு மாதம் நிறைந்துவிட்டது, கிளினிக் நாள் நெருங்குகிறது, கனடாவிலிருந்து மைத்துனர் அனுப்பிய காணொளிகளைப் பார்த்துக் கணவர் பயந்துபோயிருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் வட இலங்கையின் வன்னியில், மல்லாவி, துணுக்காய்ப் பக்கம் குடும்பநல உத்தியோகத்தராக வேலை செய்து ஓய்வு பெற்றவள். ஊர்ச்சனம் எங்களை மிட்வைஃப் என்றுதான் கூப்பிடும். போடுங்கள் என்பதே என் பதில். அதைவிட அவசரமாகச் சொல்ல விரும்புவது, தள்ளிப்போடாதீர்கள்.

ஊசியே வேண்டாம் என்று நேரடியாக மறுத்த பெற்றோரை வன்னியில் நான் அரிதாகவே கண்டேன். அடிக்கடி கண்டது வேறு. வீட்டில் ஒருவர் போடலாம் என்பார், மற்றவர் பொறு என்பார். சண்டை எதற்கு என்று அந்த மாதக் கிளினிக்கை விட்டுவிடுவார்கள். அடுத்த மாதம் குழந்தைக்குத் தடிமன். அதற்கடுத்த மாதம் அரிவு வெட்டு, அல்லது வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல். யாரும் முடிவெடுக்காமலேயே பிள்ளை பாதி வருடத்தைக் கடந்துவிடும். குக்கல் என்னும் கக்குவான் இருமல் மிகக் கொடியதாக இருப்பது அந்த முதல் மாதங்களில்தான். பெரிய பிள்ளை இருமி இருமித் தேறிவிடும். கைக்குழந்தைக்குச் சிலவேளை இருமல்கூட வராது, மூச்சுத்தான் நின்று நின்று வரும். இரண்டு, நான்கு, ஆறு மாதங்களில் போடும் ஐந்து கூட்டு ஊசி குக்கலுடன் தொண்டைக்கரப்பன், ஏற்புவலி, பி வகை ஈரல் அழற்சி, ஹிப் கிருமியால் வரும் மூளைக்காய்ச்சல், நியூமோனியா ஆகியவற்றையும் தடுக்கிறது. சாதாரணத் தடிமனுக்காக அதை நிறுத்த வேண்டியதில்லை. கடும் காய்ச்சலோ, முந்திய ஊசிக்குப் பாரதூரமான விளைவோ இருந்தால் வைத்தியரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

உங்கள் கணவரின் பயத்தை நான் மதிக்கிறேன். பிள்ளையில் அக்கறை இல்லாதவர் இதைப் பற்றி யோசிக்கவே மாட்டார். அவர் பார்த்த காணொளியில் சொல்லப்பட்ட இலங்கைச் சம்பவமும் கற்பனை அல்ல. 2008 ஜனவரியில் இந்த ஐந்து கூட்டு ஊசி இங்கே அறிமுகமானது. ஊசிக்குப் பின் சில குழந்தைகள் இறந்த செய்திகள் வந்ததும் அதே ஆண்டு ஏப்ரலில் சுகாதார அமைச்சு அதை நிறுத்தியது. நிபுணர்கள் ஒவ்வொரு இறப்பையும் ஆராய்ந்து, ஊசிதான் காரணம் என்பதற்கு ஆதாரம் காணாத பின்னரே 2010 இல் மீண்டும் தொடங்கினார்கள். சந்தேகம் வந்தபோது நிறுத்தத் தயங்கவில்லை என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். காணொளிகள் அந்தப் பாதியைச் சொல்வதில்லை.

சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா மூன்றுக்குமான ஊசியால் ஓட்டிசம் வரும் என்ற பயம் 1998 இல் இங்கிலாந்தில் வெளியான ஒரு கட்டுரையிலிருந்து வந்தது. வெறும் 12 பிள்ளைகளை வைத்து எழுதியது. அதை வெளியிட்ட சஞ்சிகையே 2010 இல் மீளப்பெற்றுக்கொண்டது, எழுதிய வைத்தியரின் பதிவும் அதே ஆண்டு நீக்கப்பட்டது. பின்னர் டென்மார்க்கில் ஆறரை இலட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து 2019 இல் வெளியிட்ட ஆய்வில் எந்தத் தொடர்பும் தெரியவில்லை. பிள்ளை பேசவில்லை, முகம் பார்க்கவில்லை என்று பெற்றோர் கவனிக்கத் தொடங்கும் வயதும் அந்த ஊசி போடும் வயதும் ஏறக்குறைய ஒன்று. அதனால் ஒன்றையொன்று முடிச்சுப் போடுவது எளிது.

ஒன்பதாம் மாதம் சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா மூன்றுக்குமான ஊசி வரும். சின்னமுத்தை அம்மாள் வருத்தம் என்று சொல்லி வேப்பிலை கட்டுவதையும் கண்ணகி அம்மனுக்கு நேர்த்தி வைப்பதையும் நான் ஒருநாளும் தடுத்ததில்லை. ஊசியையும் போடுங்கள் என்பேன், அவ்வளவுதான். எதிர்ப்புச் சக்தி இல்லாதவர்கள் நடுவே ஒரு சின்னமுத்து நோயாளி 12 முதல் 18 பேருக்குத் தொற்றவைக்க முடியும். அவர் இறங்கிப்போன பஸ்ஸின் காற்றில் கிருமி இரண்டு மணி நேரம் வரை நிற்கும். 2019 இல் இலங்கை இந்த நோயை ஒழித்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது, 2023 இல் அது திரும்பி வந்தது. ஒன்பது மாதம் நிறையாத குழந்தைக்குச் சுற்றியுள்ள பிள்ளைகள் போட்ட ஊசிதான் காவல். இன்று உங்கள் குழந்தையும் அந்த நிலையில்தான் இருக்கிறது.

ஒரு வயதில் போடும் யப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசியைப் பற்றி வெளிநாட்டுக் காணொளிகள் அதிகம் பேசாது, அவர்களுக்கு அது தேவையில்லாத நோய். நமக்கு அப்படியல்ல. வயல் தண்ணீரில் பெருகும் நுளம்பு, பன்றியிலிருந்தும் கொக்கு போன்ற நீர்ப்பறவைகளிலிருந்தும் கிருமியை எடுத்து மனிதருக்குக் கொடுக்கிறது. குளமும் வயலும் கொக்கும் இல்லாத வன்னி எங்கே இருக்கிறது? 1985 இலும் அடுத்த சில ஆண்டுகளிலும் அனுராதபுரத்தை அண்டிய நெற்செய்கைப் பகுதிகளில் இது பரவிப் பலரைக் கொன்றது. வவுனியாவைத் தாண்டினால் அனுராதபுரம். நோய் முற்றியவர்களில் 100 க்கு 30 பேர் வரை இறக்கலாம், பிழைத்தவர்களிலும் பலருக்கு மூளைப் பாதிப்பு நிரந்தரமாக நின்றுவிடும். குறிப்பிட்ட மருந்து இன்றும் கிடையாது.

போர்க்காலத்திலும் வன்னித் தாய்மார் ஊசியை விடவில்லை. 1995 முதல், போலியோச் சொட்டு மருந்து கொடுக்கும் நாட்களுக்காக, யுனிசெப் நடுவில் நின்று இரு தரப்பையும் சண்டையை நிறுத்த இணங்கவைத்தது. இடம்பெயர்ந்து வந்தவர்களின் பொலித்தீன் பைகளில் காணி உறுதியோடும் பிறப்புச் சான்றிதழோடும் பிள்ளையின் கிளினிக் கொப்பி இருந்ததைப் பார்த்திருக்கிறேன். உங்கள் கணவர் இங்கே பிறந்தவர் என்றால், இடது மேற்கையில் பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசியின் தழும்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கனடாவில் மைத்துனரின் பிள்ளைகளுக்கு ஊசி போட்டாயிற்றா என்றும் கேட்கச் சொல்லுங்கள்.

கிளினிக்குக்கு நீங்கள் தனியே போகாதீர்கள், அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். சந்தேகத்தை வீட்டில் உங்களிடம் கேட்டால் சண்டைதான் மிஞ்சும், வைத்தியரிடம் கேட்டால் பதில் கிடைக்கும். போலியோ மருந்துக் குப்பியில் ஒரு வட்டத்துக்குள் சிறிய சதுரம் இருக்கும். சூடு பட்டால் சதுரத்தின் நிறம் கடுமையாகும். மின்வெட்டில் மருந்து கெட்டிருக்குமோ என்று அவர் கவலைப்பட்டால் அதைக் காட்டச் சொல்லிக் கேட்கட்டும், கேட்பதில் தவறே இல்லை. ஊசி போட்டதும் வீட்டுக்கு ஓடாமல் அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். கடும் ஒவ்வாமை மிக அரிது, வந்தாலும் பெரும்பாலும் அந்த நேரத்துக்குள் தெரிந்துவிடும். அன்றிரவு காய்ச்சலும் ஊசி போட்ட இடத்தில் வீக்கமும் வரலாம். தாய்ப்பாலை அடிக்கடி கொடுங்கள், பரசிற்றமோலை எடைக்கு ஏற்ற அளவில் மட்டும் கொடுங்கள், அந்த இடத்தில் எண்ணெயோ தைலமோ பூசாதீர்கள். வலிப்பு வந்தாலோ, குழந்தை துவண்டுபோனாலோ, மணிக்கணக்கில் அழுகையை நிறுத்தாவிட்டாலோ விடியும்வரை பார்த்திருக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

இந்த மாதக் கிளினிக் ஏற்கெனவே தப்பிப்போயிருந்தாலும் பரவாயில்லை. தொடங்கிய ஊசிகளை விட்ட இடத்திலிருந்தே தொடரலாம், முதலிலிருந்து போட வேண்டியதில்லை. உங்கள் பகுதி மிட்வைஃபுக்கு இன்றே தொலைபேசியில் பேசி அடுத்த நாளைக் கேளுங்கள், அவருடைய இலக்கம் பிள்ளையின் கொப்பியில் எழுதியிருக்கும்.