ஒரே வருஷத்தில் முப்பது புயலா?

கே: என் மருமகன் கப்பல் வேலைக்காரர். 2020இல் அமெரிக்கப் பக்கம் 30 புயல் வந்து, வைக்கப் பேரே இல்லாமல் போச்சு என்கிறார். அளந்து விடுகிறாரா? (வாசகி, கொல்லங்கோடு)

மருமகனை நம்பலாம்மா. அட்லாண்டிக் கடலில் அந்த வருஷம் பெயர் வாங்கிய புயல்கள் 30, அவற்றில் 14 ஹரிக்கேன், அதாவது மணிக்கு 119 கி.மீ.யைத் தொட்ட காற்று. அங்கே வருஷத்துக்கு 21 பெயர்தான் எழுதி வைத்திருப்பார்கள். செப்டம்பர் 18 அன்று கடைசிப் பெயரான வில்பிரட் போனது, அன்றைக்கே ஆல்பா, பீட்டா என்று கிரேக்க எழுத்துக்குத் தாவ வேண்டியதாயிற்று. அப்புறம் ஈட்டா, தீட்டா, சீட்டா என்று ஒரே மாதிரி ஒலித்துக் குழப்பியதில், 2021இல் உலக வானிலை அமைப்பு அந்த வழக்கத்தையே நிறுத்திவிட்டது.

ஏன் இத்தனை என்றால், கடல் சூடு மட்டும் போதாது, புயல் நிமிர்ந்து நிற்கவும் வேண்டும். மேல்காற்று ஒரு திசையிலும் கீழ்க்காற்று ஒரு திசையிலும் இழுத்தால் தலை ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம் என்று பிய்ந்துவிடும். பசிபிக் குளிரும் லா நினா வருஷங்களில் அட்லாண்டிக்கில் இந்த இழுபறி குறையும், 2020 அப்படிப்பட்ட வருஷம். நம்ம பக்கம் ஆடியில் கச்சான், அதாவது மேற்கிலிருந்து வரும் காற்று, அந்தப் போடு போட்டும் புயல் வராததற்கு இந்த இழுபறிதான் காரணம். கீழே மேற்கிலிருந்து அடிக்கும், உயரத்தில் கிழக்கிலிருந்து அடிக்கும்.

கே: இந்த வருஷம் எத்தனை புயல் என்று முன்கூட்டியே சொன்னால், நாள்கணக்கில் ஆழ்கடலில் தங்கி மீன் பிடிக்கும் தங்குகடலுக்குப் போவதை முடிவு பண்ணலாமே? (வாசகர், நீரோடி)

எண்ணிக்கையை வைத்து ஒன்றும் பண்ண முடியாது. அட்லாண்டிக்கில் 1992இல் பெயர் வாங்கியவை வெறும் 6, முதலாவதே ஆகஸ்டில்தான் வந்தது. அந்த ஆண்ட்ரூதான் தெற்கு புளோரிடாவை நொறுக்கியது. இங்கே 2019இல் அரபிக்கடலில் மட்டும் 5 புயல், கியாரும் மகாவும் ஒரே சமயத்தில் சுற்றின, ஆனால் அஞ்சில் ஒன்றுகூட தமிழ்நாட்டிலோ கேரளாவிலோ கரை ஏறவில்லை. 2017 நவம்பர் 30 உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காற்றழுத்தத் தாழ்வு ஒரே நாளில் ஒக்கியாகி குமரி முனையை ஒட்டிப் போனது, தூத்தூர், வள்ளவிளைப் படகுகள் அதற்குள் வயர்லெஸ் எட்டாத தூரத்தில் இருந்தன. கரையில் கூண்டு ஏற்றி அவர்களுக்கு என்ன பிரயோஜனம்? அதனால் எத்தனை வரும் என்று கேட்காதீர்கள், ஆழ்கடலில் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி வாங்கும் கருவி நம்ம படகில் இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று கேளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் கிளம்புகிறவர்கள் கட்டாயம் கேட்கணும்.

கே: நம்ம கடலிலும் பெயர் தீர்ந்துபோகுமா? (வாசகர், களியக்காவிளை)

இப்போதைக்கு இல்லை. 13 நாடுகள் தலைக்கு 13 கொடுத்து 2020இல் போட்ட பட்டியலில் 169 பெயர். அட்லாண்டிக் மாதிரி வருஷா வருஷம் முதலிலிருந்து தொடங்குவதில்லை, விட்ட இடத்திலிருந்து போகும். இந்தியா கொடுத்ததில் மூன்றாவது பெயர் முரசு.