ஜவ்வரிசி எந்த மரத்துல காய்க்குது? சேலத்துல தொட்டுப் பாக்கக்கூடிய சில ஆச்சரியங்கள்

நம்மள சுத்தி தினமும் இருந்தும் நிறைய பேருக்குத் தெரியாத ஆச்சரியமான தகவல் ஏதாவது சொல்லுங்கன்னு கேட்டிருக்கீங்க. இந்த மாதிரி கேள்விக்கு வர்ற பதில்ல பாதி ஆக்டோபஸுக்கு மூணு இதயம்ங்கற ரகமாத்தான் இருக்கும், அது உண்மைதான், ஆனா நான் ஆக்டோபஸ நேர்ல பாத்ததே இல்ல. அதனால ஒரு கண்டிஷன் வெச்சுக்கிட்டு எழுதறேன், எங்க சேலத்துல டவுன் பஸ் ஏறிப் போய் கையால தொட்டுப் பாக்க முடியுற விஷயம் மட்டும்தான்.

மொதல்ல ஜவ்வரிசி. எங்கப்பா ஆத்தூர் பக்கம் ஒரு சேகோ பேக்டரில (சேகோன்னா ஜவ்வரிசிதான்) ரொம்ப வருஷம் களத்துல வேலை பாத்தவரு. களம்னா சிமென்ட் தளம், அதுல வெள்ளை வெள்ளையா ஜவ்வரிசிய பரப்பி காய வெச்சு கிண்டிக்கிட்டே இருக்கணும், சேலம் வெயில்ல அந்தத் தளத்துல நின்னா கண்ணு கூசும். இதையெல்லாம் பாத்தே வளந்ததால எனக்கு அது ஒரு அதிசயமாவே தெரியல. அப்புறம் புனேல ரெண்டு வருஷம் வேலைக்குப் போயிருந்தப்ப வீட்டு ஓனரம்மா ஏகாதசி அன்னைக்கு சாபுதானா கிச்சடி (ஜவ்வரிசிக்கு அங்க சாபுதானான்னு பேரு) செஞ்சு குடுத்தாங்க, விரதத்துக்கு அரிசி கோதுமை எதுவும் சாப்பிட மாட்டோம் இது மட்டும்தான்னு சொன்னாங்க, சரி இது எதுலருந்து வருதுன்னு கேட்டா ஏதோ மரத்துல காய்க்குற முத்துன்னாங்க. அன்னைக்கு சாயங்காலம் அவங்க வாங்குற மளிகைக் கடைக்குப் போய் மூட்டையப் பாத்தேன், சேலம்னு அச்சடிச்சிருந்துச்சு. அப்பவே அப்பாவுக்குப் போன் போட்டேன். "அப்பா, நம்மூரு ஜவ்வரிசியத்தான் இங்க சாமிக்கு விரதம் இருந்து சாப்புடுறாங்க"ன்னேன். அவரு கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் "அப்படியா கண்ணு, அப்ப நாம இன்னும் சுத்தமா செருப்பில்லாம கிண்டியிருக்கலாமே"ன்னாரு. அவரு எப்பவும் செருப்பில்லாமத்தான் கிண்டுனாரு.

சரி, விஷயத்துக்கு வர்றேன். ஜவ்வரிசி மரத்துல காய்க்குறதில்ல, குச்சிக்கிழங்குலருந்து வருது (மரவள்ளின்னு மத்த ஊர்ல சொல்றது, எங்க பக்கம் குச்சிக்கிழங்குதான்). கிழங்கத் தோலெடுத்து அரைச்சு பாலெடுத்து தொட்டில தெளிய விட்டா அடியில மாவு படியும், அந்த ஈர மாவ குலுக்கிக் குலுக்கி குருணை ஆக்கி வறுத்து களத்துல காயப்போடுவாங்க. மிச்சமாகுற சக்கைக்குப் பேரு திப்பி, அது மாட்டுத் தீவனத்துக்குப் போயிரும். கிழங்கு லோடுக்கு விலை வெறும் எடைய வெச்சு போட மாட்டாங்க, பாயிண்ட் பாப்பாங்க, அதாவது கிழங்குல எவ்வளவு மாவுச்சத்து இருக்குங்கறத வெச்சு, பாயிண்ட் கம்மியா நின்னா விவசாயி மூஞ்சி தொங்கிரும்.

ஆச்சரியம் என்னன்னா இந்தக் கிழங்கு நம்ம நாட்டுதே கிடையாது. தென் அமெரிக்கா, பிரேசில் பக்கத்துது, போர்ச்சுகீசியர் கப்பல்ல கேரளாக் கரைக்கு வந்து, 1880கள்ல திருவிதாங்கூர் மகாராஜா விசாகம் திருநாள் பஞ்சத்துக்கு உதவும்னு மக்கள நட வெச்சு பரவுன பயிர். அதவிட முக்கியம், நிஜமான சேகோவுக்கும் இந்தக் கிழங்குக்கும் சம்பந்தமே இல்ல! சேகோங்கற பேரு மலாய் மொழியில சாகுங்கற சொல்லுலருந்து வந்தது, அது ஒரு பனை ஜாதி மரம், அந்த மரத்தப் பொளந்து தண்டுக்குள்ள இருக்குற மெத்துன்னு சதைலருந்து மாவெடுத்து உருட்டுனதுதான் அசல் சேகோ. ஓனரம்மா மரம்னு சொன்னதுல அந்தளவுக்கு உண்மை இருக்கு. முன்னாடி அது அந்தப் பக்கத்துலருந்துதான் கப்பல்ல வந்துச்சு. 1942ல ஜப்பான்காரங்க மலேயா, சிங்கப்பூர் எல்லாத்தையும் புடிச்சதும் வரத்து நின்னு போச்சு, அடுத்த வருஷமே, 1943ல, சேலத்துல குச்சிக்கிழங்கு மாவுலயே செஞ்சு பாக்க ஆரம்பிச்சாங்க, அது அப்படியே பெரிய தொழிலாயி, 2023ல சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடே கெடச்சிருச்சு. யோசிச்சுப் பாருங்க, பிரேசில் கிழங்கு, மலாய்க்காரங்க பேரு, உலகப் போரால பொறந்த தொழில், காயறது ஆத்தூர் வெயில்ல, விரதம் புனேல.

இன்னொண்ணு, இந்தக் கிழங்குச் செடில சயனைடு இருக்கு. எங்கம்மாயி வீட்டு ஆடு ஒண்ணு காட்டுல குச்சிக்கிழங்கு எலைய மேஞ்சுட்டு கொஞ்ச நேரத்துல வாயில நொரை தள்ளி செத்துப்போச்சு, அம்மாயி மூணு நாள் சரியா சாப்பிடல. செடிக்குள்ள விஷம் விஷமாவே இருக்காது, ஒரு பொருள் ஒரு பக்கம், அத ஒடைக்குற நொதி வேற பக்கம் தனித்தனியா இருக்கும், எலையக் கடிச்சு மென்னா ரெண்டும் கலந்து அப்பதான் சயனைடு கிளம்பும், செடி தன்னக் காப்பாத்திக்க வெச்சிருக்குற ஏற்பாடு. அரைச்சு கழுவி காய வெச்சா போயிரும், அதனால ஜவ்வரிசி சாப்பிட பயப்படாதீங்க, பாயாசம் தாராளமா வைங்க. ஆனா பச்சைக் கிழங்க மட்டும் கடிச்சுப் பாக்காதீங்க, தோலெடுத்து நல்லா வேக வெச்சு தண்ணிய கொட்டிட்டுத்தான் சாப்பிடணும்.

அடுத்தது உங்க பில்லு. செவ்வாய்ப்பேட்டைல எங்க மாமா மளிகைக் கடை வெச்சிருக்காரு, பில்லுல வரிய பாத்துட்டு யாராவது முணுமுணுத்தா அவரு சொல்லுவாரு, இது நம்மூருலருந்து கிளம்புனதுங்கன்னு. நெசந்தான். ராஜாஜி ஒரு காலத்துல சேலத்துல வக்கீலா இருந்தவரு, சேலம் முனிசிபாலிட்டி சேர்மனா இருந்தவரு, 1937ல சென்னை மாகாண பிரதமர் ஆனதும் அக்டோபர் 1ம் தேதி மதுவிலக்க கொண்டு வந்தாரு, மொத மொதல்ல சேலம் மாவட்டத்துல மட்டும். குடி நின்னதுல எத்தன பொம்பளைங்க நிம்மதியா தூங்கியிருப்பாங்கன்னு நெனச்சா எனக்கு இப்பவும் மனசு நெறையும். ஆனா சாராய வருமானம் போனா கஜானாவுக்கு என்ன பண்றது, அந்த ஓட்டைய அடைக்கத்தான் 1939ல விற்பனை வரிச் சட்டம் வந்துச்சு, இந்தியாவுல பொது விற்பனை வரிக்கு அதுதான் ஆரம்பம். இன்னைக்கு சோப்பு வாங்குனாலும் சட்டை வாங்குனாலும் கட்டுற வரியோட மூத்த தலைமுறை அது.

அப்படியே பையில கைய விட்டு சில்லறைய எடுங்க. ஒத்த ரூபா காசு இப்ப ஸ்டெயின்லெஸ் ஸ்டீலு, காந்தத்துல ஒட்டும், வீட்டுல பிரிட்ஜ் காந்தம் இருந்தா வெச்சுப் பாருங்க. காசு அடிக்கத் தேவையான வட்டத் தகடு வெட்டிக் குடுக்குற வேலையும் எங்க கஞ்சமலை அடிவாரத்துல இருக்குற சேலம் உருக்காலைல நடந்திருக்கு. வருஷத்துக்குக் கீழ புள்ளி இருந்தா நொய்டால அடிச்சது, நட்சத்திரம்னா ஐதராபாத், டைமண்ட்னா மும்பை, ஒண்ணும் இல்லன்னா கொல்கத்தா.

இப்ப ஏற்காடு பஸ் ஏறிருவோம். ஊர் தாண்டும் முன்னயே ஒரு பக்கம் வெள்ளை வெள்ளையா கரடு (சின்னச் சின்ன குன்று) தெரியும், மேக்னசைட் ஜங்ஷன்னு ரயில்வே ஸ்டேஷனே இருக்கு. வெள்ளைக்காரங்க இத சாக் ஹில்ஸ்னு, அதாவது சாக்கட்டி மலைன்னு எழுதி வெச்சுட்டாங்க, ஆனா அதுல சாக்கட்டியும் இல்ல, அது சுண்ணாம்பும் இல்ல. மக்னீசியம் நெறைஞ்ச பாறைக்குள்ள கார்பன் டை ஆக்சைடு கலந்த தண்ணி எறங்கி எறங்கி வெள்ளக்கல்லா மாறுனது, அதுதான் மேக்னசைட். இத சூளைல நல்லா சுட்டா மிச்சமாகுற மக்னீசியம் ஆக்சைடு 2,800 டிகிரி வரைக்கும் உருகாது, இரும்பு 1,500 சொச்சத்துலயே உருகிரும், அதனாலதான் உருக்கு காய்ச்சுற உலைக்கு உள்சுவரா இந்தக் கல்லுல செஞ்ச செங்கல்ல வெக்கிறாங்க. கொழம்பு கொதிக்க சட்டி வேணும், உருக்கு கொதிக்குற சட்டிக்கு எங்கூரு கல்லு வேணும்.

இருபது கொண்டை ஊசி வளைவு. அஞ்சாறு வளைவு ஏறுனதும் ரோட்டோரம் மலைய வெட்டுன எடத்துல பாறையப் பாருங்க, சாம்பல்ல லேசா பச்சை கலந்து எண்ணெ தடவுன மாதிரி மினுமினுப்பு. அதுக்குப் பேரு சார்னோகைட். இந்தப் பேருக்கு ஒரு கதை இருக்கு, அத மொதல் தடவ படிச்சப்ப எனக்கு ராத்திரி தூக்கம் வரல. கல்கத்தா நகரத்த உருவாக்குனவர்னு சொல்ற ஜாப் சார்னாக், 1690கள்ல செத்துப்போனாரு, அவரு சமாதி கொல்கத்தால செயின்ட் ஜான்ஸ் சர்ச்சுல இருக்கு. அந்தச் சமாதிக் கல்ல 200 வருஷம் கழிச்சு தாமஸ் ஹாலண்ட்னு ஒரு நிலவியல்காரர் பாத்துட்டு, அட இது மெட்ராஸ் பரங்கிமலை, பல்லாவரம் பக்கம் இருக்குற கல்லு மாதிரில்ல இருக்குன்னு கண்டுபுடிச்சு, 1893ல இந்தப் பாறைக்கே சார்னாக் பேர வெச்சுட்டாரு. அதே ஜாதிப் பாறைலதான் ஏற்காடு இருக்குற நம்ம சேர்வராயன் மலையே நிக்குது. இப்ப அன்டார்டிகால இந்த மாதிரி பாறை கெடச்சாலும் அதுக்கு அதே பேருதான். வயசு சுமார் 250 கோடி வருஷம், பூமிக்கடியில இருபது கிலோமீட்டருக்கு மேல ஆழத்துல வெந்து உருவானது, மேல இருந்த அத்தனையும் கரைஞ்சு போயி இன்னைக்கு பஸ் ஜன்னல்ல கைய நீட்டுனா எட்டுற தூரத்துல இருக்கு (கைய நீட்டாதீங்க, எறங்கித் தொடுங்க).

மேல போனா சேலத்தவிட எட்டு டிகிரி பக்கமா சூடு கம்மி, அது எல்லாருக்கும் தெரியும். ஆனா உலைத் தண்ணி கூட அங்க 95 டிகிரிலயே கொதிச்சிரும், காத்தழுத்தம் கம்மிங்கறதால. எங்க சித்தி ஏற்காட்டுல எஸ்டேட் லைன் வீட்டுல இருக்காங்க, சேலத்துலருந்து கல்யாணம் ஆயி போன புதுசுல அரிசி வேகவே மாட்டேங்குது, அரிசிதான் மோசம்னு கடைக்காரரோட சண்டை போட்டாங்களாம். அரிசில ஒண்ணுமில்ல, கொதிக்குற தண்ணியோட சூடே கம்மி, அதனால கூடக் கொஞ்ச நேரம் ஆகுது.

ஏற்காட்டுல லேடீஸ் சீட்டுன்னு மலையோரமா நின்னு கீழ பாக்குற எடம் ஒண்ணு இருக்கு, அங்கருந்து வானம் தெளிவா இருக்குற நாள்ல பாத்தா மேட்டூர் டேம் தண்ணி மின்னும். 1934ல கட்டி முடிச்ச அந்த டேமுக்குள்ள முழு ஊருங்க இருக்கு. தண்ணி நல்லா கொறைஞ்சா பண்ணவாடி பக்கம் ஒரு நந்தி சிலையும் பழைய சர்ச் கோபுரமும் வெளிய தெரியும், சேலம் மாவட்டத்துல டேம் நெலவரத்த தலை தெரியுது, கழுத்து தெரியுதுன்னு நந்திய வெச்சே சொல்ற ஆளுங்க உண்டு. மேட்டூர் பக்கத்துல மாங்காடுல கெடச்ச இரும்பு வாளோட துண்ட சோதிச்சுப் பாத்ததுல சுமார் 3,500 வருஷம் பழசுன்னு வந்திருக்கு.

கடைசியா காபிப்பூ, இத சொல்லத்தான் மனசு துடிச்சுக்கிட்டே இருந்துச்சு. ஏற்காட்டுல காபி 1820கள்ல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் காலத்துல வந்தது. காபிச்செடியும் நம்ம வீட்டு வாசல்ல இருக்குற இட்லிப்பூவும் ஒரே குடும்பம், கரட்டுல தானா மொளைக்குற நுணா மரமும் அதே குடும்பம்தான், பூவ பக்கத்துல வெச்சுப் பாத்தா பங்காளிங்கன்னு நீங்களே சொல்லிருவீங்க. காபி மொட்டு கோடைல செடியிலயே தூங்கிட்டு இருக்கும், எத்தன நாளானாலும் பூக்காது. ஒரு நல்ல மழை, ஒரு அங்குலம் பெஞ்சா போதும், முழிச்சுக்கும். அதுலருந்து எட்டு பத்து நாள்ல எஸ்டேட் முழுக்க எல்லாச் செடியும் ஒரே நேரத்துல பூக்கும், ஒரு செடி முன்ன பின்ன கிடையாது, மல்லிப்பூ வாசம் மலையையே தூக்கிரும், பனி பெஞ்ச மாதிரி வெள்ளையா நிக்கும். சித்தி போன் போட்டு "பூத்துருச்சு சாமி, வர்றியா"ன்னு கேட்டா நான் அன்னைக்கே கிளம்பிருவேன், ஏன்னா ரெண்டு மூணு நாள்தான், அப்புறம் பழுப்பா வாடிரும். மார்ச் ஏப்ரல்ல ஏற்காட்டுல நல்ல மழைன்னு நியூஸ்ல பாத்தீங்கன்னா அன்னைலருந்து நாளு எண்ணி எட்டாவது நாளுக்கு லீவு சொல்லி வெச்சுக்கங்க, காலைல மொதல் பஸ்ல வெயில் ஏறும் முன்ன வந்துருங்க, அப்பதான் வாசம் கெட்டியா இருக்கும்.