சதுப்பு நிலத்துப் பாசி எப்படி பீட் ஆகிறது?

பீட் என்பது பாதி மக்கிய செடிகொடிகள் அடுக்கடுக்காகப் படிந்த கரிய மண். முழுசாக மக்கினால் பீட் கிடைக்காது. மக்குவது பாதியில் நிற்பதால்தான் கிடைக்கிறது. சதுப்பு நிலத்தில் வளரும் ஸ்பேக்னம் என்ற பாசிக்கு வேர் கிடையாது. நுனி வளர வளர, வெளிச்சம் படாத அடிப்பகுதி செத்துவிடும். காற்றுபடும் மேலடுக்கில் பூஞ்சைகளும் பாக்டீரியாவும் அதில் பெரும்பங்கைத் தின்றுவிடும். தண்டுகள் இற்றுப்போய், மேலே உள்ள ஈரப்பாசியின் கனத்தில் (உலர் எடையைப்போல் 20 மடங்கு வரை நீர் பிடிக்கும்!) அடுக்கு நசுங்கும். நீர்மட்டத்துக்குக் கீழே போனதும் ஆக்சிஜன் இல்லை. பாசியே உண்டாக்கும் அமிலமும் சேர, மக்கல் ஏறக்குறைய நின்றுவிடும்.

ஒரு பிடி எடுத்துப் பிழிந்து பாருங்கள். மேலடுக்கில் தெளிந்த நீர் வடியும், இலைகள் தெரியும். அதைவிடக் கூடுதலாக மக்கிய அடியடுக்கு விரலிடுக்கில் கருஞ்சேறாகப் பிதுங்கும்.

ஆண்டுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் சேரும். வாய்க்கால் வெட்டி நீரை வடித்தால் காற்று புகுந்து மிச்சமும் மக்கி, கார்பன் டை ஆக்சைடாகப் போய்விடும், நிலமும் தாழும்.